வலியா, வாயுவா?

போன மழைக்காலத்தில் சித்தியை யாங்கோன் டவுனில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். சித்தி பர்மி நன்றாகவே பேசுவார். மீன்கடையில் அவரிடம் பேரம் பேசி ஜெயித்தவர்கள் குறைவு. ஆனால் வயிற்றுச் சமாச்சாரத்தை முன்பின் தெரியாத ஆம்பிளையிடம் பேச மாட்டார். அதனால் அவர் என்னிடம் தமிழில் சொல்ல, நான் சயாவிடம் (டாக்டரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) பர்மியில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

"வயிறு வலிக்குதான்னு கேக்குறாங்க சித்தி."

"வலின்னு இல்லப்பா. பொருமுது. கல்லக் கட்டிவிட்ட மாதிரி இருக்கு. போனாலும் போன மாதிரி இல்ல."

நான் "லே ப்வா தே" என்றேன். காற்று உப்புகிறது என்று பொருள். கடைசி வாக்கியத்தைச் சொல்ல எனக்கும் கூச்சம், விட்டுவிட்டேன். சயா தலையாட்டினார். காஸ் மாத்திரை வந்தது. ஐந்து நிமிஷத்துக்குள் வெளியே நின்றோம்.

அந்த ஐந்து நிமிஷத்தில் ஒரு நோய் கணக்கில் வராமல் போனது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. ஐபிஎஸ் (Irritable Bowel Syndrome) என்ற அந்தக் குடல் தொல்லை உலகத்தில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று தேடினால் நூற்றுக்கு ஒருவர் என்றும் கிடைக்கும், நாற்பத்தைந்து பேர் என்றும் கிடைக்கும். இவ்வளவு வித்தியாசத்துக்குக் குடல் மட்டும் காரணமில்லை. கேட்பவர் எந்த வார்த்தையில் கேட்கிறார், சொல்பவர் எந்த வார்த்தையில் சொல்கிறார், நடுவில் என்னைப் போல ஒருவன் எதை விழுங்குகிறான் என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்த எண்.

பெயரிலேயே தகராறு. தமிழில் எழுதினால் போலீஸ் அதிகாரியும் ஐபிஎஸ்தான், இந்தக் குடலும் ஐபிஎஸ்தான். 'எரிச்சல் குடல் நோய்' என்று மொழிபெயர்க்கிறார்கள். அதைக் கேட்டதும் நெஞ்செரிச்சலையும் அல்சரையும் நினைக்கிறவர்களே அதிகம். இங்கே எதுவும் எரிவதில்லை. தொட்டதற்கெல்லாம் கோபப்படும் ஆளைச் சிடுமூஞ்சி என்கிறோமே, அந்த மாதிரிக் குடல். உள்ளே கேமரா விட்டுப் பார்த்தால் புண் இராது, கட்டி இராது. ரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கும். "உங்களுக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். வலி மட்டும் கூடவே வீட்டுக்கு வரும்.

ஒன்றுமில்லை என்பது சரியல்ல என்பதற்குப் பழைய சோதனை ஒன்று உண்டு. 1973-ல் ரிச்சி என்ற மருத்துவர் பெருங்குடலின் கீழ்ப்பகுதியில் சின்ன பலூன் ஒன்றை வைத்துக் காற்றேற்றிப் பார்த்தார். 60 மில்லிலிட்டர் ஏற்றியபோது, ஐபிஎஸ் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு வலித்தது. மற்றவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்குத்தான் வலி. காற்று ஒரே அளவுதான். குடலிலிருந்து மூளைக்குப் போகும் சேதி ஒருவருக்கு முணுமுணுப்பாகவும் இன்னொருவருக்குக் கூச்சலாகவும் போய்ச் சேர்கிறது. அதே கம்பியில் மூளையிலிருந்து குடலுக்கும் சேதி வருகிறது. 'வயித்தக் கலக்குது', 'அடிவயித்துல புளியக் கரைச்ச மாதிரி' என்று பயத்துக்கு வயிற்றைச் சாட்சிக்குக் கூப்பிடுகிற மொழி நம்முடையது. குடலும் மூளையும் பேசிக்கொள்கின்றன என்று டாக்டர்கள் இப்போது சொல்லும்போது நமக்குப் புதிதாகத் தெரியாததற்கு அதுதான் காரணம்.

எண்ணுக்கு வருவோம். ரத்தத்திலோ ஸ்கேனிலோ பிடிபடாத நோயை எப்படி எண்ணுவது? கேள்வி கேட்டுத்தான். 1978-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து மருத்துவர்கள் முதல் கேள்விப் பட்டியலைப் போட்டார்கள். அதற்கப்புறம் நிபுணர்கள் ரோம் நகரத்தின் பெயரால் விதிகள் வகுத்தார்கள். 1999, 2006, 2016 என்று அவை திருத்தப்பட்டுக்கொண்டே வந்தன. 2006-ன் விதிப்படி வயிற்றில் வலியோ அசௌகரியமோ மாதத்தில் 3 நாள் இருந்தால் போதும். 2016-ல் 'அசௌகரியம்' என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். அது ஒவ்வொரு மொழியிலும் ஒவ்வொரு பொருள் தருகிறது, சில மொழிகளில் அதற்குச் சரியான சொல்லே இல்லை என்பது ஒரு காரணம். இப்போது வலிதான் வேண்டும், அதுவும் சராசரியாக வாரத்துக்கு ஒரு நாளாவது. வலி மலம் கழிப்பதோடு சேர்ந்து கூடவோ குறையவோ செய்யும், போகிற தடவை மாறும், மலத்தின் தன்மை மாறும் என்ற மூன்றில் இரண்டும் கூட வேண்டும். கடைசி மூன்று மாதம் இப்படி இருக்க வேண்டும், தொல்லை ஆரம்பித்து ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும்.

இந்தத் திருத்தம் செய்த வேலையைப் பாருங்கள். 2012-ல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது உலக சராசரி 11.2 சதவீதம். தனித்தனி ஆய்வுகளில் அது 1.1-லிருந்து 45 சதவீதம் வரை ஓடியது. 2021-ல் 33 நாடுகளில் 73,076 பேரைக் கேட்ட பெரிய ஆய்வு வெளிவந்தது. இணையத்தில் பதில் சொன்னவர்களைப் பழைய விதிப்படி எண்ணினால் 10.1 சதவீதம், புது விதிப்படி எண்ணினால் 4.1. அதே ஆட்கள், அதே வயிறு. ஒரு சொல்லை எடுத்து, ஒரு நாள் கணக்கை மாற்றியதில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நோயாளிப் பட்டியலிலிருந்து இறங்கிவிட்டார்கள்.

சித்தியும் இறங்கியிருப்பார். 'வலின்னு இல்லப்பா' என்றவர்தானே. அவர் ஒருவர் மட்டுமல்ல. பொருமல், உப்பசம், மந்தம், கடுப்பு, வாயு, ஒரு மாதிரியா இருக்கு என்று வயிற்றுக்கு மட்டும் நம்மிடம் இத்தனை சொல் இருக்கிறது. 'வலி' என்பதைப் பிரசவத்துக்கும் பல்லுக்கும் தலைக்கும் எடுத்து வைத்திருக்கிறோம். பர்மிக்காரர்களும் இதே வழிதான். லே என்றால் காற்று. உப்பினாலும் காற்று, குத்தினாலும் காற்று. ஆக, தமிழில் 'வாயு' என்று கிளம்பிய வலி பர்மியில் 'லே' ஆகி, சீட்டில் காஸ் மாத்திரையாக முடிகிறது.

அந்த 2021 ஆய்வில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. சில நாடுகளில் இணையத்தில் கேட்காமல் வீட்டுக்கு வீடு போய் நேரில் கேட்டார்கள். இந்தியாவும் வங்கதேசமும் அந்த வகை. அங்கெல்லாம் சேர்த்துப் பார்த்தால் புது விதிப்படி 1.5 சதவீதம்தான். ஏழை நாட்டுக் குடல் உறுதியான குடல் என்று சொல்லிவிடலாமா? எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. வாசலில் முன்பின் தெரியாத ஒருவர் தாளும் பேனாவுமாக நிற்கிறார். உள்ளே மாமியார் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறார். "ஒரு நாளைக்கு எத்தனை தடவை போவீங்க, போனப்புறம் வலி குறையுதா" என்று கேட்டால் மருமகள் என்ன சொல்வாள்? நல்லாத்தான் இருக்கேன் என்பாள். சாப்பாடு, சிறு வயதிலேயே பழகிப்போன கிருமிகள் என்று வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் கூச்சத்தைக் கழிக்காமல் அந்த 1.5-ஐ அப்படியே நம்ப முடியாது.

பர்மா அந்த 33 நாடுகளில் இல்லை. ஆனால் நம் உடம்புக்குப் பக்கத்து உடம்பைப் பற்றி ஒரு நல்ல கணக்கு இந்தியாவில் இருக்கிறது. 2008-ல் வெளிவந்த பல நகரத்து ஆய்வில் ஆயிரக்கணக்கான சாதாரண மக்களைக் கேட்டார்கள். 99 சதவீதம் பேர் தினம் ஒரு தடவையாவது போகிறவர்கள். மேல்நாட்டுப் புத்தகத்தில் மலச்சிக்கல் என்றால் வாரத்தில் மூன்று தடவைக்கும் குறைவு. அந்த அளவுகோலை வைத்தால் நம்மில் அநேகமாக யாருக்கும் மலச்சிக்கலே கிடையாது. தினம் போகிறோம், ஆனால் முக்குகிறோம். போனாலும் போன மாதிரி இல்லை. நான் மொழிபெயர்க்காமல் விட்ட அந்த வாக்கியம்தான், நம்மவர்களிடம் இந்த நோயைக் காட்டிக்கொடுக்கும் வாக்கியம்.

சரி, யாருக்கு வரும்? பட்டியல் எல்லா இடத்திலும் கிடைக்கும், ஆனால் அதில் எல்லாம் ஒரே எடை இல்லை. எனக்குத் தெரிந்தவரை, இங்கே வசிக்கிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது வயிற்றுப்போக்கு.

கனடாவில் வாக்கர்டன் என்று ஒரு சின்ன ஊர். 2000-ம் ஆண்டு மே மாதம் கனமழை பெய்து, மாட்டுச் சாணம் கலந்த தண்ணீர் ஊர்க் கிணற்றில் இறங்கிவிட்டது. குழாய்த் தண்ணீர் குடித்தவர்களில் 2,300 பேர் போல வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள், 7 பேர் இறந்தார்கள். மற்றவர்கள் பிழைத்து எழுந்தார்கள். ஆனால் மருத்துவர்கள் அவர்களை விடாமல் வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். இரண்டு மூன்று ஆண்டு கழித்தும் நோய்ப்பட்டவர்களில் சுமார் 28 சதவீதம் பேருக்கு ஐபிஎஸ் இருந்தது. எட்டாண்டில் அது சுமார் 15-ஆகக் குறைந்தது, போய்விடவில்லை. நார்வேயின் பெர்கனில் 2004-ல் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி குடிநீரில் கலந்தது. மூன்று ஆண்டு கழித்து, அந்தத் தொற்று வந்தவர்களில் 46 சதவீதத்துக்கு ஐபிஎஸ், வராதவர்களில் 14.

இப்படிப்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017-ல் சொன்ன கணக்கு: குடல் தொற்று வந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் ஐபிஎஸ் தொடர்கிறது. வராதவர்களைவிட நான்கு மடங்கு. பாக்டீரியா, வைரஸைவிட ஒட்டுண்ணிகள் விட்டுப்போகும் வடு பெரிது. பெண்களுக்கும், தொற்றின்போது மனக் கலக்கத்தில் இருந்தவர்களுக்கும், ஆண்டிபயாட்டிக் எடுத்தவர்களுக்கும் வாய்ப்பு இன்னும் கூடுதல். கிருமி போனபின்பும் குடல் சுவரின் காவலாளிகள் பழைய சண்டையை மறக்காமல், அப்போது கூட வந்த சாப்பாட்டையும் எதிரியாக நினைத்து முறைக்கின்றன என்று பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழகத்தார் 2021-ல் எலிகளில் காட்டினார்கள். மனிதக் குடலிலும் அதன் சாயல் தெரிந்தது.

இதை யாங்கோனில் உட்கார்ந்து படித்தால் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். மழைக்காலத்தில் சந்தில் முழங்கால் தண்ணீர், சாக்கடையும் குழாயும் பக்கத்துப் பக்கத்தில். 2024 மழையில் காலராவே வந்துவிட்டுப் போனது. வயிற்றுப்போக்கு வந்தால் நாம் செய்வது என்ன? மருந்துக்கடைக்குப் போய் "வயிறு" என்று ஒரு சொல் சொல்வோம். நாலைந்து நிறத்தில் மாத்திரைகளைச் சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தருவார்கள். மஞ்சளாக ஒன்று, பாதி சிவப்பு பாதி கறுப்பில் ஒரு கேப்சூல். பெயர் கேட்கிற வழக்கம் நமக்கு இல்லை, சொல்கிற வழக்கம் அவர்களுக்கும் இல்லை. இரண்டு நாளில் நின்றுவிட்டால் மிச்சத்தை அலமாரியில் வைத்து, அடுத்த தடவை பிள்ளைக்குக் கொடுப்போம். சாதாரண வயிற்றுப்போக்குக்குப் பெரும்பாலும் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரே மருந்து. அந்தக் கேப்சூல் கிருமியோடு சேர்த்து ஊர்க்கார நல்ல பாக்டீரியாக்களையும் துரத்திவிடுகிறது. காலரா, ரத்தபேதி, கடும் காய்ச்சல் என்றால் கதை வேறு, அதற்கு மருத்துவர் தரும் ஆண்டிபயாட்டிக் வேண்டும்தான்.

இதோடு ஒட்டிய இன்னொரு வழக்கம், எதற்கெடுத்தாலும் 'அமீபா' என்பது. எனக்குத் தெரிந்த ஒருவர் பதினைந்து வருஷமாகத் தனக்கு அமீபா இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே மஞ்சள் மாத்திரை. பதினைந்து வருஷத்தில் ஒரு தடவைகூட மலத்தைச் சோதித்ததில்லை. ஆரம்பத்தில் உண்மையிலேயே அமீபாவாக இருந்திருக்கலாம். இப்போது இருப்பது அது விட்டுப்போன சிடுமூஞ்சிக் குடலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பெண்களா, ஆண்களா? உலகக் கணக்கில் பெண்கள் முன்னே. 2012 கணக்கின்படி பெண்ணுக்கு இருக்கும் வாய்ப்பு ஆணைப்போல ஒன்றரை மடங்குக்கும் சற்று மேல். மாதவிடாய் நாட்களில் தொல்லை கூடுவதைப் பெண்களே சொல்வார்கள். ஐபிஎஸ்ஸில் மலச்சிக்கல் வகை பெண்களிடம் அதிகம், வயிற்றுப்போக்கு வகை ஆண்களிடம் அதிகம். ஆனால் இந்தியாவில் ஆஸ்பத்திரிக்கு வரும் ஐபிஎஸ்காரர்களை எண்ணினால் ஆண்கள்தான் அதிகம். விஷயம் குடலில் இல்லை, பஸ் காசில் இருக்கிறது. வீட்டில் ஒருவரைத்தான் டாக்டரிடம் அனுப்ப முடியும் என்றால் யார் போவார் என்று நமக்குத் தெரியாதா?

வயதைப் பொறுத்தவரை இது இளம் வயதுக்காரர்களின் நோய். ஐம்பதுக்கு மேல் குறைகிறது. குடும்பத்தில் ஓடுவதும் உண்மை. 2021-ல் ஐபிஎஸ் உள்ள 53,400 பேரின் மரபணுக்களை ஆராய்ந்ததில் ஆறு இடங்கள் அகப்பட்டன, அவற்றில் பல கவலை, மனச்சோர்வு ஆகியவற்றோடு பங்குபோடும் இடங்கள். கவலைதான் வயிற்றைக் கெடுக்கிறது என்றோ, வயிறுதான் கவலையைக் கொண்டுவருகிறது என்றோ ஒரு பக்கமாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. அதற்காக அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வந்தே தீரும் என்றில்லை.

அச்சத்திலேயே நாள் ஓட்டுகிறவர்களுக்கு ஐபிஎஸ் அதிகம் என்பது பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. நம் குடும்பங்களில் 1942-ல் ஜப்பான் படை வந்தபோது நடந்தே இந்தியா போனவர்களின் கதை உண்டு. 1964-ல் கடையை அரசிடம் விட்டுவிட்டுக் கப்பலேறியவர்கள் கதை உண்டு. 2008-ல் நர்கிஸ் புயல், 2021-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு இரவு நேரத்தில் கதவு தட்டப்படுமோ என்ற பயம். பாட்டி 'அந்த வருஷத்துலேந்து எனக்கு வயிறு சரியில்ல' என்று சொன்னால் நாங்கள் சிரிப்போம். இப்போது சிரிக்க வரவில்லை.

சாப்பாட்டை வேண்டுமென்றே கடைசியில் வைத்தேன், ஏனென்றால் எல்லாரும் அதைத்தான் முதலில் வைக்கிறார்கள். காரம் தின்றதால் ஐபிஎஸ் வந்தது என்று சொல்ல ஆதாரம் போதாது. வந்த பிறகு எது கிளறிவிடும் என்பதுதான் சாப்பாட்டின் கதை. டீக்கடைக் காலையை எடுத்துக்கொள்ளுங்கள். அவித்த பட்டாணி, நான் ரொட்டி, டின் பால் ஊற்றிய டீ. பட்டாணியில் இருக்கும் ஒருவகைச் சர்க்கரையைப் பிரிக்கும் நொதி எந்த மனிதக் குடலிலும் கிடையாது. கோதுமையிலும் வெங்காயம், பூண்டிலும் அதற்கு ஒரு தம்பி. பாலில் இருக்கும் லாக்டோஸ் பெரியவர்களாகிய நம்மில் நிறையப் பேருக்குச் செரிப்பதில்லை. சிறுகுடல் கைவிட்ட இவை பெருங்குடலுக்கு வந்ததும் அங்குள்ள பாக்டீரியாக்கள் பொங்கல் கொண்டாடுகின்றன, ஹைட்ரஜன் கிளம்புகிறது. மொஹிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸிலும் கடலைமாவு, வெங்காயம், பூண்டு. பக்கத்தில் உட்கார்ந்து அதையே தின்கிறவருக்கும் அதே காற்றுதான், அவருக்கு உறைப்பதில்லை. அந்த பலூன் ஞாபகம் இருக்கிறதல்லவா?

இந்த ஹைட்ரஜன் ரத்தத்தில் கலந்து மூச்சில் வெளிவரும், அதை அளக்கலாம். 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நம் யாங்கோன் மருத்துவ ஆராய்ச்சித் துறைக்காரர்களே இதைச் செய்திருக்கிறார்கள். கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சோறு கொடுத்து மூச்சை அளந்து, நிறையப் பேருக்குச் சோறே முழுதாகச் செரிக்கவில்லை என்று கண்டார்கள். அது பிள்ளைகளின் ஊட்டக்குறைவு பற்றிய ஆராய்ச்சி, ஐபிஎஸ் பற்றியதல்ல. ஆனால் 'வாயு' என்ற நம் சொல் வெறும் பாட்டிக்கதை இல்லை என்பதற்கு உள்ளூரிலேயே சாட்சி.

எல்லாவற்றையும் ஐபிஎஸ் என்று தள்ளிவிடவும் கூடாது. ஐம்பதுக்குமேல் புதிதாக ஆரம்பித்தால், மலத்தில் ரத்தம் போனால், எடை இறங்கினால், ராத்திரித் தூக்கத்திலிருந்து எழுப்பினால், காய்ச்சலோ சோகையோ கூட இருந்தால், குடும்பத்தில் குடல் புற்றுநோய் இருந்தால், அது வேறு விசாரணை. குறிப்பாக இந்த மண்ணில் காசநோய் அதிகம். அது நுரையீரலோடு நிற்பதில்லை, குடலுக்கும் வரும். வயிற்று வலியும் எடைக்குறைவும் மாலைக் காய்ச்சலும் சேர்ந்தால் காஸ் மாத்திரையில் காலம் கடத்தக் கூடாது.

சித்தியை இரண்டாவதாக ஒரு சயாமாவிடம் கூட்டிப்போனேன். பெண் டாக்டர் என்றதும் சித்தியே பர்மியில் பேச ஆரம்பித்தார், எனக்கு வேலை போனது. சயாமா எடை பார்த்தார், ரத்தம் எடுத்தார், மலம் சோதிக்க எழுதினார். எல்லாம் சரியாக வந்த பிறகு மேஜைக்குள்ளிருந்து லேமினேட் போட்ட அட்டை ஒன்றை எடுத்தார். பிரிஸ்டலில் 1997-ல் போட்ட ஏழு படங்கள். முதலாவது ஆட்டுப் புழுக்கை மாதிரி, நாலாவது வாழைப்பழம் மாதிரி, ஏழாவது வெறும் தண்ணீர். எது என்று கேட்டார்.

சித்தி என்னைப் பார்த்து, "நீ கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பு" என்றார். திரும்பினேன். சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் தெரிந்தது. சித்தியின் விரல் யோசிக்கவே இல்லை. ஒன்றில் வைத்தார், அடுத்த நொடி ஆறில் வைத்தார்.

"காலைல இது. மத்தியானம் இது. பதினோரு வருஷமா."